முதல் கூட்டத்துக்கு யார் அழைத்துப் போவது?

1981-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு அளவில் மிகச் சிறியது. குடிநோய்ச் சிகிச்சைக்கு வந்தவர்களும் அவர்கள் வீட்டாருமாக 20 பேர்தான் அதில் கலந்துகொண்டார்கள். ராபர்ட் சிஸ்ஸன், ஜான் மல்லாம்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் அவர்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதியினரிடம், குடியை நிறுத்த நினைப்பவர்கள் ஒருவருக்கொருவர் துணைநிற்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்னும் ஏ.ஏ. குழுவைப் பற்றி விளக்கி, கூட்டம் நடக்கும் இடத்தையும் நேரத்தையும் கொடுத்து, தவறாமல் போகும்படி சொல்லி அனுப்பினார்கள். மறு பாதியினருக்கு இன்னொரு காரியமும் செய்தார்கள். ஆலோசகர் அவர்கள் எதிரிலேயே குழு உறுப்பினர் ஒருவருக்குத் தொலைபேசியில் பேசி, ரிசீவரை அவர்கள் கையில் கொடுத்தார். மறுமுனையில் இருந்தவர் இரண்டு வார்த்தை பேசி, கூட்டத்துக்குத் தானே அழைத்துப் போவதாகச் சொன்னார். பிறகு கணக்குப் பார்த்தபோது, அழைப்பு வந்த பாதியினர் அத்தனை பேரும் கூட்டத்துக்குப் போயிருந்தார்கள். முகவரி மட்டும் வாங்கிப் போனவர்களில் ஒருவர்கூடப் போகவில்லை.

இருபது பேரை வைத்துப் பெரிய முடிவுக்கு வரக்கூடாதுதான். ஆனால் கால் நூற்றாண்டு கழித்து, முன்னாள் படைவீரர்கள் 300-க்கும் மேற்பட்டோரிடம் கிறிஸ்டின் டிம்கோ குழுவினர் செய்த ஆய்வும் இதையே வேறு விதமாக உறுதிசெய்தது. குழுவில் இருப்பவர் ஒருவரோடு அறிமுகப்படுத்தி, போனாரா என்று தொடர்ந்து விசாரித்து அனுப்பப்பட்டவர்கள், வெறும் பட்டியலோடு அனுப்பப்பட்டவர்களைவிடக் குழுவில் அதிகம் ஒன்றினார்கள். குடிப் பிரச்சினையிலும் அவர்கள் நிலை மேம்பட்டிருந்தது. குடிநோய் பற்றிய ஆராய்ச்சிகளில் நம் ஊருக்கு உடனடியாகப் பயன்படக்கூடியது எது என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன். இதற்குப் புது மருந்து வேண்டாம், கருவி வேண்டாம். ஒரு தொலைபேசி அழைப்பு போதும்.

நம் நாட்டின் நிலையைப் பார்த்தால் இதன் அவசரம் புரியும். எய்ம்ஸ் மருத்துவமனை நடத்தி மத்திய அரசு 2019-இல் வெளியிட்ட கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் மது அருந்துவோர் ஏறக்குறைய 16 கோடிப் பேர். அவர்களில் 2.9 கோடிப் பேர் மதுவுக்கு அடிமைப்பட்ட நிலையில் இருக்கிறார்கள். அப்படி அடிமைப்பட்டவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதோ ஒரு சிகிச்சை பெறுகிறார். மருத்துவமனையில் உள்நோயாளியாகத் தங்கிச் சிகிச்சை பெறுபவர் 180 பேருக்கு ஒருவர். அந்தச் சிலரும் சிகிச்சை முடிந்து வீடு திரும்பும்போது கையில் மாத்திரைச் சீட்டு இருக்கிறது. கூட ஆள் இருப்பதில்லை.

மது மூளையில் என்ன செய்துவிடுகிறது என்பதைத் தெரிந்துகொண்டால்தான், ஆள் ஏன் வேண்டும் என்பது விளங்கும். மூளையில் நரம்புச் செல்களைத் தணிக்கும் வேதிப்பொருள் காபா. அவற்றைத் தூண்டிவிடுவது குளூட்டமேட். மது காபாவின் வேலையை வலுப்படுத்துகிறது, குளூட்டமேட்டின் வேலையைத் தடுக்கிறது. குடித்ததும் உடல் தளர்ந்து கவலை மறப்பது இதனால்தான். ஆண்டுக்கணக்கில் தினமும் குடித்தால் மூளை அதற்கேற்பத் தன்னை மாற்றிக்கொள்கிறது. தணிக்கும் பக்கத்தைக் குறைத்து, தூண்டும் பக்கத்தைக் கூட்டி ஒரு புதுச் சமநிலைக்கு வருகிறது. அந்த நிலையில் மதுவைத் திடீரென நிறுத்தினால் தூண்டும் பக்கம் கட்டவிழ்ந்துவிடும். சில மணி நேரத்தில் கைநடுக்கம், வியர்வை, தூக்கமின்மை தொடங்கும். முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் டெலிரியம் ட்ரெமென்ஸ் என்னும் கடுமையான மனக்குழப்பம் வரலாம். இல்லாத உருவங்கள் கண்ணுக்குத் தெரியும், உயிருக்கே ஆபத்தாக முடியலாம்.

ஆகவே ஒன்றை அழுத்தமாகச் சொல்லவேண்டும். தினமும் அதிகமாகக் குடிப்பவர் கோயிலில் சத்தியம் செய்துவிட்டு மறுநாள் காலை வீட்டில் தானாக நிறுத்துவது ஆபத்தானது. கயிறு கட்டிக்கொண்டு வந்தவருக்கு மூன்றாம் நாள் "பேய் பிடித்தது போல" ஆவதற்குக் காரணம் சாமிக் குத்தம் இல்லை, மூளையின் வேதியியல். முதல் சில நாட்கள் மருத்துவர் கண்காணிப்பில் இருக்கவேண்டும். தயமின் என்னும் பி1 வைட்டமினை மருத்துவர்கள் ஊசியாகக் கொடுப்பார்கள். அது குறைந்தால் நினைவாற்றல் நிரந்தரமாகக் கெடலாம். எந்தக் குழுக் கூட்டமும் இந்தச் சிகிச்சைக்கு ஈடாகாது.

மருத்துவமனையில் ஒன்றிரண்டு வாரத்தில் நடுக்கம் நின்றுவிடும். வீட்டார் நோய் தீர்ந்தது என்று நினைப்பார்கள். உண்மையில் இன்னும் நீண்ட நாள் வேலை இருக்கிறது. டோபமின் என்ற வேதிப்பொருள் வழியாக மூளை கற்றுக்கொண்ட பாடங்கள் அப்படியே கிடக்கின்றன. சம்பள நாள், மாலை ஆறு மணி, வேலை முடிந்து திரும்பும் தெரு, டாஸ்மாக் கடையின் பச்சைப் பலகை, பழைய கூட்டாளியின் குரல் எல்லாமே மூளைக்கு முன்னறிவிப்புகள். அவற்றைக் கண்டதுமே, யோசிக்கும் பகுதி விழித்துக்கொள்வதற்குள் ஆசை கிளம்பிவிடும். நிதானித்து முடிவெடுக்க உதவும் முன்மூளைப் பகுதி பல ஆண்டு குடியில் நலிந்திருக்கிறது. மன அழுத்தத்தைக் கையாளும் அமைப்போ எளிதில் பதறும் நிலையில் இருக்கிறது. நல்ல செய்தி என்னவென்றால், குடியை நிறுத்தினால் மூளை கணிசமாகத் தேறுகிறது. வாரங்களிலும் மாதங்களிலும் அந்த மாற்றத்தை ஸ்கேன் படங்களில் பார்க்க முடிகிறது. தேறும்வரை அந்த மாலை ஆறு மணியை எங்கே போய்க் கழிப்பது என்பதுதான் கேள்வி.

1935 மே மாதம் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் ஆக்ரன் என்ற ஊரில் ஒருவருக்கு இதே கேள்வி வந்தது. நியூயார்க்கின் பங்குச் சந்தைத் தரகரான பில் வில்சன் குடியை விட்டுச் சில மாதங்களே ஆகியிருந்தன. வந்த வியாபாரம் தோற்றுப்போனது. கையில் காசில்லை. தங்கியிருந்த மேஃபிளவர் ஹோட்டலில் ஒரு பக்கம் மதுக்கூடத்தின் இரைச்சல் கேட்கிறது, மறுபக்கம் தொலைபேசி இருக்கிறது. அவர் தொலைபேசியின் பக்கம் போனார். தேவாலயங்களின் பட்டியலைப் பார்த்துக் கூப்பிட்டு, தன்னைப்போல் குடியில் சிக்கிய ஒருவரோடு பேசவேண்டும் என்று கேட்டார். ஒருவர் மாற்றி ஒருவராகப் போய், ஹென்ரியட்டா சைபர்லிங் என்ற பெண்மணி கிடைத்தார். அவர் மூலம் உள்ளூர் அறுவைச் சிகிச்சை மருத்துவர் பாப் ஸ்மித்தைச் சந்தித்தார். கால் மணி நேரம்தான் இருப்பேன் என்று வந்த பாப், இரவு வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார். அதுவரை அவருக்கு அறிவுரை சொன்னவர்கள் ஏராளம். அன்று வந்தவர் தன் கதையைச் சொன்னார். தான் தப்பிப்பதற்கே பாபின் உதவி வேண்டும் என்றார். ஜூன் 10-இல் பாப் கடைசியாகக் குடித்தார். அந்த நாளைத்தான் ஏ.ஏ. தன் பிறந்தநாளாகக் கொண்டாடுகிறது. 1957-இல் அது டெல்லி வழியாக இந்தியாவுக்கு வந்தது.

உதவுபவருக்கே அந்த உதவி மருந்தாகிறது என்பதை ஃபிராங்க் ரீஸ்மன் என்ற சமூக அறிவியலாளர் 1965-இல் ஒரு கோட்பாடாகவே எழுதினார். அதற்குப் பிறகு கிடைத்த ஆய்வுத் தரவுகளும் அதற்குச் சாதகமாகவே இருக்கின்றன. மீண்டுவரும் காலத்தில் இன்னொரு குடிநோயாளிக்கு உதவியவர்களில் 40 விழுக்காட்டினர் அடுத்த ஓராண்டு குடிக்கு மீளாமல் இருந்தார்கள். உதவாதவர்களில் அப்படி இருந்தவர்கள் 22 விழுக்காடு. ஆகவே இன்றும் நீங்கள் ஒரு குழுவைக் கூப்பிட்டால், தொந்தரவு கொடுக்கிறோமோ என்று தயங்கவேண்டாம். எதிர்முனையில் இருப்பவருக்கு உங்கள் அழைப்பு தேவைப்படுகிறது.

கூட்டம் எப்படி இருக்கும்? தமிழ்நாட்டில் பெரும்பாலும் ஒரு பள்ளி வகுப்பறையோ தேவாலயத்தின் பக்கக் கூடமோ சமூக நலக்கூடமோதான் இடம். அந்தி நேரத்தில் தொடங்கும். அதாவது, கால்கள் கடைப்பக்கம் போகத் துடிக்கும் அதே நேரத்தில். பத்து இருபது நாற்காலி. ஒருவர் எழுந்து தன் முதல் பெயரை மட்டும் சொல்லி, தான் ஒரு குடிநோயாளி என்கிறார். எப்படிக் குடிக்கத் தொடங்கினார், எதையெல்லாம் இழந்தார், எப்படி நிறுத்தினார், நேற்று மாலை ஆசை வந்தபோது என்ன செய்தார் என்று பேசுகிறார். யாரும் குறுக்கிடுவதில்லை, அறிவுரை சொல்வதில்லை. அடுத்தவர் எழுகிறார். கட்டணம் கிடையாது, உண்டியலில் விருப்பப்பட்டதைப் போடலாம், போடாமலும் இருக்கலாம். வெளியார் நன்கொடையை வாங்குவதில்லை என்பது அவர்கள் கட்டுப்பாடு. சேர்வதற்கு ஒரே தகுதி, குடியை நிறுத்தவேண்டும் என்ற விருப்பம். குடியை விட்ட ஆண்டு நிறைவைப் பிறந்தநாள்போலக் கொண்டாடுவார்கள். மனைவியும் பிள்ளைகளும் வந்து நிற்பார்கள்.

இந்த எளிய ஏற்பாடு உண்மையில் பலன் தருகிறதா என்ற சந்தேகம் மருத்துவ உலகில் நெடுங்காலம் இருந்தது. நியாயமான சந்தேகம்தான். கூட்டத்துக்குப் போகிறவர்கள் ஏற்கெனவே மன உறுதி மிக்கவர்களாக இருக்கலாம் அல்லவா? இதைச் சோதிக்க, அமெரிக்காவில் புராஜெக்ட் மேட்ச் என்ற பெரிய ஆய்வில் 1,726 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் மூன்று விதச் சிகிச்சைக்குப் பிரித்தார்கள். ஒரு சிகிச்சையின் நோக்கமே நோயாளியை ஏ.ஏ. கூட்டங்களில் சேர்த்துவிடுவது. புறநோயாளிகளில் இந்தச் சிகிச்சை பெற்றவர்களில் 24 விழுக்காட்டினர் அடுத்த ஓராண்டு ஒரு சொட்டும் தொடவில்லை. மற்ற இரண்டு சிகிச்சைகளில் அந்த அளவு 15, 14 விழுக்காடு. 2020-இல் ஜான் கெல்லி, கீத் ஹம்ஃப்ரீஸ், மரிகா ஃபெர்ரி மூவரும், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்புக்காக 27 ஆய்வுகளை, 10,565 பேரின் தரவுகளைத் திரட்டி மதிப்பிட்டார்கள். முறையாக ஏ.ஏ.-வில் இணைத்துவிடும் சிகிச்சை பெற்றவர்களில் 42 விழுக்காட்டினர் ஓராண்டில் முழு மதுவிலக்கில் இருந்தார்கள். அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை போன்ற பிற முறைகளில் 35 விழுக்காடு. இடைவெளி பெரிதில்லை. ஆனால் கட்டணமே இல்லாத, ஆயுள் முழுக்கப் போய்வரக்கூடிய ஒன்று, தேர்ந்த நிபுணர்கள் தரும் சிகிச்சைக்குக் குறையவில்லை, சற்று மேலேகூட நிற்கிறது என்பது சாதாரண விஷயமா?

எதனால் பலன் என்று தேடிய ஆய்வுகள் எனக்கு இன்னும் சுவாரசியமானவை. ஜபம், மீட்சிக்கென ஏ.ஏ. வகுத்த படிகள், இறைநம்பிக்கை என்று வெளியிலிருந்து பார்ப்பவர்கள் நினைப்பார்கள். கடுமையான நிலையில் இருந்தவர்களுக்கு ஆன்மிகப் பக்கமும் கைகொடுத்தது என்று கெல்லியின் பகுப்பாய்வு சொல்கிறது. பொதுவாகப் பார்த்தால் முதன்மைக் காரணம் நட்பு வட்டம் மாறுவது. குடிக்கும் நண்பர்கள் குறைந்து, குடிக்காத நண்பர்கள் கூடுகிறார்கள். கனெக்டிகட்டில் மார்க் லிட் குழுவினர் ஒரு படி மேலே போய், நட்பு வட்டத்தை மாற்றுவதையே சிகிச்சையாகக் கொடுத்துப் பார்த்தார்கள். ஒருவரின் வட்டத்தில் குடிக்காத ஒரே ஒரு நபர் புதிதாகச் சேர்ந்தால்கூட, அடுத்த ஆண்டு அவர் குடிக்காமலிருக்கும் வாய்ப்பு 27 விழுக்காடு கூடியது. குடிகார நண்பர்கள் சூழ வாழ்பவருக்குக் கூட்டங்களால் வரும் பலன் அதிகம் என்பதை மேட்ச் ஆய்வின் மூன்றாண்டுத் தரவும் காட்டியது. நம் ஊரில் கட்டட வேலை, மீன்பிடி, லாரி ஓட்டுதல் என்று பல தொழில்களில் வேலை முடிந்ததும் சேர்ந்து குடிப்பது கூலியின் ஒரு பகுதிபோல ஆகிவிட்டது. அந்த வட்டத்தை விட்டு வெளியே வருபவருக்குப் போய் உட்கார வேறு நாற்காலி வேண்டும்.

எத்தனை நாள் போகவேண்டும்? ருடால்ஃப் மூஸும் பெர்னிஸ் மூஸும் பதினாறு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்ததில், முதல் ஆண்டில் 27 வாரங்களுக்கு மேல் கூட்டங்களுக்குப் போனவர்களில் 67 விழுக்காட்டினர் பதினாறாம் ஆண்டில் குடிக்காமலிருந்தார்கள். போகாதவர்களில் 34 விழுக்காடு. இது குலுக்கல் முறை ஆய்வு இல்லை என்பதால் முழுப் பெருமையையும் கூட்டத்துக்குக் கொடுக்க முடியாது. ஆனாலும் முதல் ஆண்டு முக்கியம் என்பது தெளிவு. தொண்ணூறு நாளில் தொண்ணூறு கூட்டம் என்று பழைய உறுப்பினர்கள் சொல்வதிலும் பொருள் இருக்கிறது.

எதிர்ப்பக்கச் சான்றையும் சொல்லியாகவேண்டும். 1991-இல் வெளியான ஓர் ஆய்வில், ஒரு தொழிற்சாலையின் 227 ஊழியர்களில் சிலர் மருத்துவமனைக்கும், சிலர் கட்டாயமாக ஏ.ஏ.-வுக்கும் அனுப்பப்பட்டார்கள். கூட்டம் மட்டும் என்று அனுப்பப்பட்டவர்களில் 63 விழுக்காட்டினரைப் பின்னர் மருத்துவமனையில் சேர்க்க வேண்டியிருந்தது. முதலிலேயே மருத்துவமனைக்குப் போனவர்களில் மீண்டும் சேர நேர்ந்தது 23 விழுக்காடுதான். சிகிச்சைக்குப் பதிலாகக் கூட்டத்தைத் திணித்தால் தோல்விதான் வரும். சிகிச்சையும் கூட்டமும் சேர்ந்துதான் போகவேண்டும். நால்ட்ரெக்ஸோன், அக்காம்ப்ரோசேட் போன்ற மருந்துகள் ஆசையைத் தணிக்கவும் திரும்ப விழாமல் காக்கவும் உதவுகின்றன. கூட்டத்தில் எவராவது "மாத்திரை போட்டால் நீ உண்மையாக மீளவில்லை" என்று சொன்னால் நம்பாதீர்கள். உறுப்பினர்கள் மருத்துவர் வேலை பார்க்கக் கூடாது என்பதுதான் ஏ.ஏ.-வின் சொந்த வழிகாட்டுதல்.

கடவுள் பேச்சு ஒத்துவராதவர்களும் உண்டு. அவர்களுக்காக 1994-இல் தொடங்கிய ஸ்மார்ட் ரிக்கவரி என்ற அமைப்பு, சிந்தனைப் பயிற்சிகளை அடிப்படையாக வைத்து இணையவழியிலும் கூட்டங்கள் நடத்துகிறது. நம் குழுக்களில் பெரும்பாலும் ஆண்களே உட்கார்ந்திருப்பதால் பெண்கள் அங்கே போய்ப் பேசுவது எளிதில்லை. இது தீர்க்கப்படாத குறை. இணையவழிக் கூட்டங்கள் அவர்களுக்கு ஒரு வழியைத் திறந்திருக்கின்றன.

நமக்கு உண்மையிலேயே பொருந்தக்கூடியது என்று நான் கருதுவது வேறு இரண்டு நாடுகளின் முறை. ஜப்பானில் தன்ஷுகாய் என்ற அமைப்பில் பெயரை மறைப்பதில்லை; கணவனும் மனைவியும் ஒரே கூட்டத்தில் உட்கார்ந்து பேசுகிறார்கள். குரோவேஷியாவில் விளாதிமிர் ஹுதோலின் என்ற மனநல மருத்துவர் 1964-இல் தொடங்கிய மன்றங்களில் குடும்பம் முழுவதுமே உறுப்பினர். ஏ.ஏ.-வைப் பொறுத்தவரை, குடும்பத்துக்கு அல்-அனான் என்ற தனி அமைப்பு இருக்கிறது. பில் வில்சனின் மனைவி லோயிஸ் அதை 1951-இல் தோற்றுவித்தவர்களில் ஒருவர். குடிப்பவர் வர மறுத்தாலும் மனைவியோ தாயோ அங்கே போகலாம். நம் மண்ணிலும் இந்தச் சிந்தனை புதிதில்லை. 1980-இல் சென்னையில் சாந்தி ரங்கநாதன் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனை, குடும்பத்தாரைச் சிகிச்சையின் பங்காளிகளாக்கியது. திருவாரூர் மாவட்டத்தின் மஞ்சக்குடி போன்ற ஊர்களில் முகாம் அமைத்து, கிராமத்தாரையும் அதில் சேர்த்துக்கொண்டது.

போக நினைப்பவர் தெரிந்துகொள்ளவேண்டியவை சில. கூட்டங்களில் திறந்த கூட்டம், மூடிய கூட்டம் என்று இரண்டு வகை. திறந்ததற்கு யாரும் போகலாம், வீட்டாரை அழைத்துப்போகலாம். மூடியது குடிநோய் உள்ளவர்களுக்கு மட்டும். முதல் நாள் பேசவேண்டிய கட்டாயம் இல்லை, கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். சற்று முன்பே போய், கூட்டம் முடிந்ததும் உடனே எழுந்துவிடாமல் பத்து நிமிடம் நின்று பேசுங்கள். நட்பு உண்டாவது அந்தப் பத்து நிமிடத்தில்தான். ஒருவருடைய தொலைபேசி எண்ணையாவது வாங்காமல் திரும்பாதீர்கள். ஒரு குழு பிடிக்கவில்லை என்றால் இன்னொன்றுக்குப் போங்கள். குழுவுக்குக் குழு மனிதர்கள் வேறு. நடுவில் ஒருநாள் குடித்துவிட்டால் எல்லாம் பாழ் என்று நினைத்து மேலும் குடிப்பவர்கள் பலர். குடித்த மறுநாள் கூட்டத்துக்குப் போவது வெட்கப்படவேண்டிய காரியம் அன்று. அங்கே உட்கார்ந்திருப்பவர்களில் பெரும்பாலோர் அப்படி ஒருமுறையாவது திரும்பி வந்தவர்கள்.

மருத்துவர்களிடமும் மறுவாழ்வு மையம் நடத்துபவர்களிடமும் ஒன்று கேட்கிறேன். உங்கள் பகுதியில் இருக்கும் குழுவின் உறுப்பினர் இரண்டு மூன்று பேரின் எண்களை, அவர்கள் சம்மதத்தோடு மேசையில் வைத்திருங்கள். நோயாளியை வீட்டுக்கு அனுப்பும் முன் அவர் எதிரிலேயே கூப்பிட்டு இருவரையும் பேசவிடுங்கள். இதற்கு ஐந்து நிமிடம் போதும். அரசு மருத்துவமனைகளில் இதைக் கட்டாய நடைமுறையாக்கச் சுகாதாரத் துறை ஒரு சுற்றறிக்கை அனுப்பினால் போதும். நிதி ஒதுக்கீடு எதுவும் தேவைப்படாது.

எங்கே தொடங்குவது என்று தெரியாதவர்கள் மத்திய அரசின் போதை மீட்பு உதவி எண் 14446-ஐக் கூப்பிடலாம். கட்டணம் இல்லை. குடிப்பவரோடு வாழ்ந்து களைத்துப்போன வீட்டாருக்கு டெலி மானஸ் மனநல உதவி எண் 14416. அதில் தமிழிலேயே பேசலாம்.